டெலிஃபோட்டோ லென்ஸில் நிலவைப் படமெடுத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண்ணுக்கு அவ்வளவு தெளிவாகத் தெரியும் நிலவு, படத்தில் மட்டும் வெள்ளைப் பொட்டாக விழுவது ஏன்?

கேமராவைத் தானியங்கி முறையில் விட்டதே காரணம். சட்டகத்தில் நிலவு பிடிக்கும் இடம் மிகச் சிறியது. மீதி முழுவதும் கரிய வானம். அந்தக் கருமையைக் கண்டு வெளிச்சம் போதவில்லை என்று முடிவு செய்யும் கேமரா, ஷட்டரை நெடுநேரம் திறந்து வைக்கிறது. வானம் சாம்பல் நிறத்துக்கு வருவதற்குள் நிலவு முழுக்க வெளுத்துப்போய்விடுகிறது. அப்படி வெளுத்த பகுதியிலிருந்து எந்த மென்பொருளாலும் பள்ளங்களையும் மலைகளையும் மீட்டெடுக்க முடியாது.

கேமராவை மட்டும் குறை சொல்வதும் சரியில்லை. நிலவைப் படமெடுப்பதை நாமும் இரவுப் படமெடுப்பு என்றே நினைத்துக்கொண்டு கிளம்புகிறோம். இரவு நமக்குத்தான், நாம் பார்க்கும் நிலவின் ஒளிர்ந்த முகத்தில் அப்போது நல்ல பகல். சூரியனிலிருந்து பூமி இருக்கும் தொலைவில்தான் நிலவும் இருக்கிறது. ஆகவே நம் தெருவில் விழும் அதே வெயில்தான் அங்கும் விழுகிறது. அந்த வெயிலில் கிடக்கும் பாறையும் தூசியும், தம்மீது விழும் ஒளியில் ஏறத்தாழ 12 விழுக்காட்டை மட்டுமே திருப்பி அனுப்புகின்றன; பழைய தார்ச்சாலையின் நிறம் என்று வைத்துக்கொள்ளலாம். சுற்றிலும் கருமை இருப்பதால்தான் அது நமக்குப் பால்வெண்மையாகத் தோன்றுகிறது. வெயிலில் கிடக்கும் தார்ச்சாலையைப் படமெடுக்க எந்த அளவுகளை வைப்போமோ, அவற்றுக்கு அருகில்தான் நிலவுக்கான அளவுகளும் இருக்கும்.

அப்படியானால் எந்த அளவுகளில் தொடங்கலாம்?

கேமராவை மேனுவல் முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். முழுநிலவுக்குப் புகைப்படக்காரர்களிடையே 'லூனி 11' என்றொரு பழைய கணக்கு உண்டு: அப்பர்ச்சர் (லென்ஸின் துளை அளவு; எண் கூடினால் துளை சுருங்கும்) எஃப்/11, ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு) எண்ணின் தலைகீழ். ஐஎஸ்ஓ 100 என்றால் 1/100 விநாடி, ஐஎஸ்ஓ 200 என்றால் 1/200 விநாடி. பகல் வெயிலுக்குச் சொல்லப்படும் 'சன்னி 16' (எஃப்/16) கணக்கிலிருந்து இது ஒரு படி (ஒரு படி என்றால் ஒளி இருமடங்காவது அல்லது பாதியாவது) மட்டுமே தள்ளியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். மேலே சொன்ன பகல் வாதத்துக்கு அதுவே சான்று.

நான் எஃப்/11 வரை போவதில்லை. பெரும்பாலான டெலிஃபோட்டோ லென்ஸ்கள் எஃப்/8 அருகில்தான் மிகக் கூர்மையாக வேலை செய்கின்றன. அதற்குமேல் துளையைச் சுருக்கினால், இன்றைய நுண்ணிய பிக்சல்களில் விளிம்பு விளைவு (சிறு துளையின் ஓரத்தில் ஒளி வளைந்து பரவுவது) படத்தைச் சற்றே மழுக்கத் தொடங்கிவிடும். ஆகவே முழுநிலவுக்கு ஐஎஸ்ஓ 100, எஃப்/8, 1/200 விநாடி என்பது என் தொடக்கப் புள்ளி.

பிறை மாறும்போது கணக்கும் மாறும். அரைநிலவு முழுநிலவில் பாதிப் பரப்பைக் காட்டினாலும், அது தரும் ஒளி பாதி இல்லை, பத்தில் ஒரு பங்குதான். முழுநிலவன்று சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருப்பதால், நிலவுத் தூசியின் ஒவ்வொரு துகளும் தன் நிழலைத் தனக்குப் பின்னாலேயே மறைத்துக்கொள்கிறது. அரைநிலவிலோ நிழல்கள் பக்கவாட்டில் நீண்டு பரப்பையே இருட்டடிக்கின்றன. எனவே அரைநிலவுக்கு இரண்டு படிகள் கூடுதல் ஒளி தேவை: ஷட்டரை 1/200 விநாடியிலேயே நிறுத்தி ஐஎஸ்ஓவை 400 ஆக்கினால் போதும். மெல்லிய பிறைக்கு இன்னும் ஒரு படி கூட்டலாம். எடுத்தவுடன் ஹிஸ்டோகிராமை (இடப்பக்கம் இருளும் வலப்பக்கம் வெளிச்சமுமாகப் படத்தின் ஒளிப் பரவலைக் காட்டும் வரைபடத்தை) பாருங்கள். வலது ஓரத்தில் முட்டாமல் எவ்வளவு வலப்பக்கம் போகிறதோ அவ்வளவு நல்லது. கோப்பு 'ரா' வடிவிலும் (கேமரா சுருக்காத மூலத் தரவு), வெள்ளைச் சமநிலை பகல் வெளிச்சத்திலும் இருக்கட்டும்.

எத்தனை மி.மீ. லென்ஸ் வேண்டும்?

குவியத்தூரத்தை (லென்ஸின் மி.மீ. எண்ணை) 110-ஆல் வகுத்தால் சென்சாரில் (ஒளியைப் பதியும் சில்லில்) விழும் நிலவின் விட்டம் கிடைக்கும். 200 மி.மீ. லென்ஸில் 1.8 மி.மீ., 400 மி.மீ. லென்ஸில் 3.6 மி.மீ., 600 மி.மீ. லென்ஸில் ஏறத்தாழ 5.5 மி.மீ. வானத்தை ஆள்வதுபோல் தோன்றும் நிலவு, உண்மையில் அரை டிகிரி அகலமே உள்ள சிறு வட்டம் என்பதை இந்த எண்கள்தாம் முதன்முதலில் உறைக்க வைக்கும்.

சென்சார் பெரிதா சிறிதா என்பதைவிட, அந்த 3.6 மி.மீ. எத்தனை பிக்சல்களில் விழுகிறது என்பதே முக்கியம். 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி (சிறிய சென்சார்) கேமராவில் 400 மி.மீ. லென்ஸ் தரும் நிலவு ஏறத்தாழ 930 பிக்சல் அகலம் இருக்கும்; அதே 24 மெகாபிக்சல் ஃபுல்ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமராவில் 600 பிக்சலைச் சற்றே தாண்டும். விலை கூடிய கேமரா இந்த ஒரு வேலைக்குப் பின்தங்குவது பலருக்கு வியப்பாக இருக்கிறது. ஏபிஎஸ்-சி கேமராவும் 300 மி.மீ. லென்ஸும் கையிலிருந்தால் தயங்காமல் தொடங்கலாம். லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையே மாட்டி உருவைப் பெரிதாக்கும் 1.4 மடங்கு டெலிகன்வர்ட்டர் ஒரு படி ஒளியை விழுங்கினாலும் பயன் தரும். 2 மடங்குக் கன்வர்ட்டர் இரண்டு படிகளை விழுங்குவதோடு, லென்ஸிடம் இருக்கும் குறைகளையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. மிக நல்ல லென்ஸ் இல்லையென்றால் அதை வாங்கச் சொல்லமாட்டேன்.

டிரைபாட் கட்டாயமா?

முழுநிலவுக்கு இல்லை. 1/500 விநாடியில், முழங்கைகளை ஒரு மதில்மேல் ஊன்றிக்கொண்டு பத்துப் படம் எடுத்தால் இரண்டு தேறும். பிறைக்கும் கிரகணத்துக்கும் டிரைபாட் இன்றி வேலை நடக்காது.

டிரைபாட்டில் வைத்தும் படம் கலங்கலாகவே இருக்கிறதே?

முதலில் அதிர்வைச் சந்தேகப்படுங்கள். 400 மி.மீ. லென்ஸை மாட்டி, நேரடித் திரையில் நிலவைப் பத்து மடங்கு பெரிதாக்கிக்கொண்டு, டிரைபாட் காலை ஒரு விரலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். நிலவு நீரில் விழுந்த பிம்பம்போல் துள்ளிவிட்டு, அடங்குவதற்கு இரண்டு மூன்று விநாடிகள் எடுத்துக்கொள்ளும். ஷட்டர் பொத்தானை அழுத்தும் விரலும் இதையேதான் செய்கிறது. ஆகவே ரிமோட் அல்லது குறைந்தது இரண்டு விநாடி டைமர் தேவை. கண்ணாடி உள்ள கேமராவானால் அதை முன்கூட்டியே தூக்கி நிறுத்திவிடுங்கள். மின்னணு ஷட்டர் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். டிரைபாட்டின் நடுத்தண்டை உயர்த்த வேண்டாம். லென்ஸுக்கு அதற்குரிய காலர் வளையம் இருந்தால், கேமராவை விட்டு அந்த வளையத்தைத் தாங்கவிடுங்கள்.

லென்ஸில் உள்ள அதிர்வுத் தடுப்பை டிரைபாட்டில் அணைத்து வைப்பதே பாதுகாப்பு. இல்லாத அசைவைத் தேடி அது தானே லென்ஸின் உள்ளுறுப்பை நகர்த்திக்கொண்டிருக்கும். ஒரு குளிர்காலம் முழுவதும் என் லென்ஸில் கோளாறு என்று நம்பிக் குறைந்தது முந்நூறு படங்களை அழித்தேன். பின்னர்தான் அந்தச் சிறு பொத்தான் 'ஆன்' பக்கம் நின்றிருந்தது கண்ணில் பட்டது. இன்னொன்று, காற்றில் ஆடும் கழுத்துப் பட்டை. கழற்றிவிடுங்கள்.

நிலவின் ஓட்டத்தைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். பூமியின் சுழற்சியால் நிலவு தன் முழு அகலத்தை ஏறத்தாழ இரண்டு நிமிடங்களில் கடந்துவிடுகிறது. 400 மி.மீ. லென்ஸில் ஒரு பிக்சல் நகர ஏறத்தாழ ஏழில் ஒரு விநாடி ஆகும். 1/100 விநாடிக்கும் வேகமான ஷட்டரில் இது ஒரு பொருட்டே இல்லை. ஒரு விநாடி ஷட்டரில் ஏழு பிக்சல் இழுவை என்றால் பொருட்டுதான்.

ஃபோகஸ் எங்கே வைப்பது? முடிவிலிக் குறியில் திருகி வைத்தால் போதாதா?

போதாது. டெலிஃபோட்டோ லென்ஸ்கள் பெரும்பாலும் முடிவிலிக் குறியைத் தாண்டியும் சற்றுத் திரும்பும்படி அமைக்கப்பட்டிருக்கின்றன, ஏனெனில் வெப்பநிலை மாறும்போது சரியான இடமும் மாறுகிறது. தானியங்கி ஃபோகஸை நிலவின் விளிம்பில் வைத்துப் பிடித்தால் பெரும்பாலும் கிட்டத்தட்ட வந்து சேரும். பிறகு மேனுவலுக்கு மாற்றி, நேரடித் திரையைப் பத்து மடங்கு பெரிதாக்கி, வெளிச்சமும் இருளும் சந்திக்கும் கோட்டருகே உள்ள ஒரு பள்ளத்தைப் பாருங்கள். வளையத்தை மயிரிழை அளவு திருப்பும்போது அந்தப் பள்ளத்தின் நிழல் கரிய புள்ளியாகத் திரண்டு, மறுபடி கரையும். திரண்ட இடத்தில் நிறுத்தி, வளையத்தின்மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டிவிடுங்கள். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை, குறிப்பாகக் குளிர் இறங்கும் இரவுகளில், மறுபடி சரிபாருங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும், ஒரு நாள் கூர்மையாக வரும் நிலவு மறுநாள் குழைந்து வருவது ஏன்?

காற்று. இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள், ஏனெனில் லென்ஸுக்குச் செலவழிக்கும் பணத்தில் பெரும்பகுதி இந்த ஒரு காரணத்தால் வீணாகிறது.

நிலவுக்கும் நமக்கும் இடையே உள்ள 3,84,400 கி.மீ. தொலைவில் படத்தைக் கெடுப்பவை கடைசிச் சில கிலோமீட்டர்கள்தாம். வெவ்வேறு வெப்பநிலையிலுள்ள காற்றுத் திரள்கள் ஒவ்வொன்றும் ஒளியை ஒவ்வொரு விதமாக வளைக்கின்றன. திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் நிலவின் விளிம்பு கொதிக்கும் நீரின் மேற்பரப்பைப்போல் நெளிவது தெரியும். நிலவு தலைக்கு மேலே இருந்தால் ஒளி கடக்கும் காற்று மிகக் குறைவு. 30 டிகிரி உயரத்தில் அதைப்போல் இருமடங்கு. 10 டிகிரிக்கு இறங்கினால் ஐந்து மடங்குக்கும் மேல். தாழ்ந்த நிலவின் மேல் கீழ் விளிம்புகளில் நீலமும் சிவப்புமாக மெல்லிய கோடுகள் விழுவதும் இதே காற்றின் வேலைதான்.

ஆகவே நிலவு உயரும் வரை காத்திருங்கள். பகல் முழுவதும் வெயிலை உறிஞ்சிய கான்கிரீட் தளம் இரவு வெகுநேரம் வரை வெப்பத்தை விட்டுக்கொண்டே இருக்கும். மொட்டைமாடியைவிடப் புல்தரையோ மண்தரையோ மேல். சன்னலுக்குள்ளிருந்து எடுப்பதை அடியோடு தவிர்த்துவிடுங்கள். கண்ணாடியைத் திறந்து வைத்தாலும் அறையின் வெப்பம் அந்த வழியாகத்தான் வெளியேறுகிறது. குளிர்சாதன அறையிலிருந்து எடுத்துவந்த லென்ஸையும் வெளிக்காற்றின் வெப்பநிலைக்கு வர அரை மணி நேரம் விட்டுவையுங்கள், இல்லையேல் முன்கண்ணாடியில் பனித்துவிடும். விண்மீன்கள் அதிகம் மினுக்காத, சற்றே மங்கலான இரவுகளில் பெரும்பாலும் காற்று அசையாமல் நிற்கும். மழை கழுவிவிட்ட பளிங்கு வானம் கண்ணுக்கு அழகாக இருந்தும் லென்ஸுக்கு ஏமாற்றமளிப்பது நான் பலமுறை கண்டது.

காற்றை வெல்ல வழியே இல்லையா?

ஓரளவு உண்டு. கொதிக்கும் அந்தக் காற்று இடையிடையே ஒரு நொடிப்பொழுது அமைதியாகிறது. ஒரே படத்தை நம்பாமல் அறுபது, நூறு படங்களைத் தொடர்ந்து எடுத்தால், அவற்றில் சில அந்த அமைதிப் பொழுதில் விழுந்திருக்கும். ஆட்டோஸ்டேக்கர்ட் என்ற இலவச மென்பொருள் அவற்றைத் தரம் பிரித்து, நல்லவற்றை மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி எடுத்துத் தரும். படத்தில் மணல்போல் தெரியும் இரைச்சல் குறைந்துவிடுவதால், அந்தப் படத்தை ரெஜிஸ்டாக்ஸ் போன்றவற்றில் துணிந்து கூர்மையாக்க முடிகிறது. கூர்மையாக்குவதில் கை நீண்டுவிடக் கூடாது: நிலவின் விளிம்பைச் சுற்றி வெள்ளைக் கோடு தோன்றினாலோ, சமவெளிகளில் மீன்செதில்போல் புள்ளிகள் எழுந்தாலோ, இரண்டு படி பின்வாங்குங்கள்.

முழுநிலவன்று எடுப்பதுதானே சிறந்தது?

நிலவைப் படமெடுக்க மிக மோசமான நாள் பௌர்ணமி என்பது என் கருத்து. உச்சிவெயிலில் எடுத்த மலைப்படம் எப்படித் தட்டையாக இருக்குமோ, அப்படித்தான் முழுநிலவும். நிழலே இல்லாததால் பள்ளமும் மேடும் வெறும் வெளிர், கரும் திட்டுகளாகத் தெரிகின்றன. அன்று பார்க்கத் தகுந்தது தெற்கே இருக்கும் டைக்கோ, 85 கி.மீ. அகலமுள்ள அந்தப் பள்ளத்திலிருந்து நாலாபக்கமும் சிதறிய வெளிர்க்கதிர்கள் முழுநிலவில்தான் முழுமையாகத் தெரியும். நிறங்களைத் தேடுபவர்களுக்கும் அந்த நாள் உதவும்: நிறச்செறிவை மெல்லமெல்லக் கூட்டினால், 'அமைதிக் கடல்' எனப்படும், டைட்டானியம் மிகுந்த கரிய சமவெளி நீலச்சாயலிலும், அதை அடுத்த சமவெளி பழுப்பிலும் பிரிந்து வரும். அது போலி நிறமன்று. கண்ணுக்கு எட்டாத அளவு மெல்லிய உண்மை நிறம்.

மற்றபடி வளர்பிறையில் ஆறாம் நாளிலிருந்து பதினோராம் நாள் வரை எடுங்கள். ஒளிக்கும் இருளுக்கும் இடையிலான கோட்டில் அப்போது சூரியன் உதித்துக்கொண்டிருக்கும். சிறு குன்றுகூடக் கிலோமீட்டர் கணக்கில் நிழல் வீசும். எட்டாம் நாளை ஒட்டி அப்பனைன் மலைத்தொடர் வில்லாக வளைந்து ஒளிரும். அடுத்த ஓரிரு நாட்களில் 93 கி.மீ. அகலமுள்ள கோப்பர்நிகஸ் பள்ளத்தின் படிக்கட்டுச் சுவர்களும், கரிய தரை கொண்ட பிளேட்டோவும், தெற்கே தன் தரைக்குள்ளேயே சிறு பள்ளங்களை வளைவாக அடுக்கி வைத்திருக்கும் கிளேவியஸும் வெளிச்சத்துக்கு வரும். அரைநிலவு நேரத்தில் சில மணி நேரம் மட்டும், கோட்டைத் தாண்டிய இருட்டுக்குள் மூன்று பள்ளங்களின் விளிம்புகள் ஒன்றுசேர்ந்து பெருக்கல் குறிபோல் மின்னும். ஆங்கில எழுத்து எக்ஸ் போலிருப்பதால் 'லூனார் எக்ஸ்' என்பார்கள். 300 மி.மீ. லென்ஸிலேயே அது சிக்கும்.

கோபுரத்தின் பின்னால் மாபெரும் நிலவு நிற்கும் படங்கள் உண்மையானவையா?

பல உண்மையானவை, ஒட்டுவேலைகளும் ஏராளம். நிலவை நம்மால் பெரிதாக்க முடியாது, கோபுரத்தைச் சிறிதாக்க முடியும்: பின்னால் நடந்துகொண்டே போனால் போதும். ஒரு பொருளின் உயரத்தைப்போல் 110 மடங்கு தொலைவில் நின்றால் அதுவும் நிலவும் ஒரே அளவில் தெரியும். 30 மீட்டர் கோபுரத்துக்கு 3.3 கி.மீ., நிற்கும் மனிதருக்கு ஏறத்தாழ 190 மீட்டர். இரண்டாவது படம் கடினமானது. அவ்வளவு அருகிலிருக்கும் மனிதர்மேல் ஃபோகஸ் வைத்தால் 400 மி.மீ. லென்ஸில் நிலவு மங்கிவிடும். ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவில் இந்தத் தொல்லை பெரிதும் குறையும்.

நாள் தேர்வு முக்கியம். நிலவு ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக எழுகிறது. பௌர்ணமிக்கு முந்தைய மாலையில் சூரியன் மறைவதற்குச் சற்று முன்பே எழுந்துவிடுவதால், தரையிலும் வெளிச்சம் இருக்கும்; இரண்டையும் ஒரே படத்தில் சேர்க்க அந்த மாலைதான் ஏற்றது. எங்கே நின்றால் எந்த நிமிடம் கோபுரத்தின் பின்னால் எழும் என்பதை ஃபோட்டோபில்ஸ், ஸ்டெல்லேரியம் போன்ற செயலிகள் முன்கூட்டியே காட்டிவிடும்.

அடிவானத்து நிலவு பெரிதாகத் தெரிவது மனத்தின் மயக்கம். அளந்து பார்த்தால், உச்சியில் இருப்பதைவிட மிகச் சற்றே சிறியது.

'சூப்பர்மூன்' அன்று படம் பெரிதாக வருமா?

மிக அருகே வரும் நிலவுக்கும் மிகத் தொலைவில் இருக்கும் நிலவுக்கும் அகலத்தில் 14 விழுக்காடு வேறுபாடு. சராசரி நிலவோடு ஒப்பிட்டால் அதில் பாதிதான். இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒழிய யாருக்கும் தெரியாது.

மூன்றாம் பிறையின் இருண்ட பகுதியும் மங்கலாகத் தெரிகிறது. அதை எடுக்க முடியுமா?

முடியும். பூமியில் பட்டுத் தெறிக்கும் சூரிய ஒளி நிலவின் இரவுப் பக்கத்தில் விழுவதால் உண்டாகும் வெளிச்சம் அது; லியொனார்டோ டா வின்சி 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதை விளக்கி எழுதிவைத்தார். ஐஎஸ்ஓ 800, எஃப்/5.6, ஒன்றிரண்டு விநாடி எனத் தொடங்கலாம். ஒளிர்ந்த பிறை அப்போது வெளுத்துப்போகும். அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும், அல்லது வேறொரு படமாக எடுத்து இணைக்க வேண்டும். நிலவின் ஓட்டம் இழுவையாக விழும் என்பதால் இங்கே 200 மி.மீ. லென்ஸ், 400-ஐவிட நல்ல படத்தைத் தரும்.

சந்திர கிரகணத்துக்கு என்ன மாற்றம் செய்ய வேண்டும்?

எல்லாவற்றையும். பூமியின் நிழலுக்குள் முழுவதும் நுழைந்த நிலவு பல்லாயிரம் மடங்கு மங்கிவிடுகிறது. முழுக் கிரகணத்தின் நடுவே ஐஎஸ்ஓ 1600, எஃப்/5.6, அரை விநாடியிலிருந்து இரண்டு விநாடி வரை தேவைப்படலாம். பூமியின் வளிமண்டலத்தில் எவ்வளவு தூசியும் மேகமும் இருக்கின்றன என்பதைப் பொறுத்து அது செம்பு நிறமாகவோ கருஞ்சிவப்பாகவோ இருக்கும். ஆகவே ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று நான்கு வெவ்வேறு ஷட்டர் வேகங்களில் எடுத்துவையுங்கள். ஃபோகஸை நிழல் கவிவதற்கு முன்பே பூட்டிவிடுங்கள், செந்நிலவில் அதைத் தேடிப் பிடிப்பது எளிதன்று. 2028 டிசம்பர் 31 அன்று வரும் முழுக் கிரகணத்துக்கு இப்போதிருந்தே பழகலாம்.

பகல் நிலவை எடுக்கலாமா? கேமராவுக்கோ கண்ணுக்கோ தீங்கு உண்டா?

தீங்கில்லை. முழுநிலவின் ஒளி சூரியனுடையதில் நான்கு லட்சத்தில் ஒரு பங்குதான். பகலில் எடுக்க அரைநிலவே வாய்ப்பானது: அது சூரியனிலிருந்து 90 டிகிரி தள்ளியிருக்கும், வானத்தின் நீலத்தைப் போலரைசர் வடிகட்டி மிக நன்றாகக் கறுக்கச் செய்வதும் அந்தத் திசையில்தான். லென்ஸைத் திருப்பும்போது சூரியன் சட்டகத்துக்குள் வந்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிலவில் இறங்கிய கலங்கள் தெரியுமா?

தெரியா. 400 மி.மீ. லென்ஸும் ஏபிஎஸ்-சி கேமராவும் தரும் படத்தில் ஒரு பிக்சலே நிலவில் 3.7 கி.மீ.; 1969-இல் அப்போலோ 11 விட்டுவந்த கலத்தின் அடிப்பகுதியோ சில மீட்டர்களே அகலமுள்ளது. ஆனால் இடத்தைக் காட்டலாம். அமைதிக் கடலின் தென்மேற்குக் கரையில், ஒன்றையொன்று ஒட்டினாற்போல் சபைன், ரிட்டர் என இரட்டைப் பள்ளங்கள் இருக்கின்றன; ஒவ்வொன்றும் 30 கி.மீ. அகலம், உங்கள் படத்தில் எட்டு பிக்சல். வளர்பிறை ஆறாம் நாளில் அவற்றின் விளிம்புகள் எடுப்பாகத் தெரியும். சபைனிலிருந்து கிழக்கே, அதாவது தனித்து நிற்கும் கரிய முட்டை வடிவ மாரே கிரிசியம் இருக்கும் பக்கமாக, ஏறத்தாழ 25 பிக்சல் நகர்ந்து பாருங்கள். அந்தச் சாம்பல் திட்டில்தான் அப்போலோ 11 வீரர்கள் இறங்கினார்கள்.